ஏம்பலம் வட்டாரத்து இசைத்தட்டுகள்: மைக் செட்டிலிருந்து சேகரிப்பு அலமாரி வரை

புதுச்சேரி நகருக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் வில்லியனூர், ஏம்பலம், நெட்டப்பாக்கம், பாகூர் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இவை ஒரே பரப்பாக இல்லாமல், விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களோடு கைகோத்துக் கிடப்பவை. பிரெஞ்சு ஆட்சி நடந்த காலத்திலும் வயல் வரப்பைத் தாண்டினால் வேறு அரசு என்ற நிலை இருந்தது. பாட்டுக்கு அந்த எல்லை கிடையாது. சென்னையில் பதிவாகி, கல்கத்தாவில் அச்சாகி வந்த இசைத்தட்டு, எல்லைக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்தது. கைச்சாவி கொடுக்கும் கிராமபோனில் தொடங்கி, திருவிழா ஒலிபெருக்கியில் உச்சம் பெற்று, கேசட் வந்ததும் பரணுக்குப் போய், இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளாக அது மாறியிருக்கிறது.

இசைத்தட்டு வரலாறு பெரும்பாலும் பாடகர்களின் வரலாறாகவோ கம்பெனிகளின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. கிராமங்களைப் பொறுத்தவரை மூன்றாவது ஒருவருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அவர்தான் ஒலிபெருக்கியை வாடகைக்கு விடும் மைக் செட்டுக்காரர். தட்டைக் காசு கொடுத்து வாங்கியவரும், ஊருக்கே கேட்கும்படி போட்டவரும், பெட்டியில் வைத்துக் காத்தவரும் அவரே. அரிய தட்டு ஒன்று இன்று கிடைக்கிறதென்றால், அது இரண்டில் ஒரு வழியாக வந்திருக்கும்: வசதியான வீட்டுக் கூடத்து அலமாரி, அல்லது மைக் செட்டுக்காரரின் தகரப் பெட்டி.

அரக்குத் தட்டின் வருகை

எடிசன் 1877-இல் உருளையில் ஒலியைப் பதித்தார். எமில் பெர்லினர் 1887-இல் அதைத் தட்டையான வட்டுக்கு மாற்றிக் காப்புரிமை பெற்றார். உருளையைப் படியெடுப்பது கடினம். தட்டையோ ஒரு உலோக அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். வணிகம் தட்டின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவே காரணம்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அடுத்து 1904–05-இல் வந்த பதிவுக் குழு சென்னையிலும் பதிவு நடத்தியது. சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசி மரபுப் பாடகிகள் அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே பதிவுக் கருவியின் புனல் முன் நின்று பாடினார்கள். சபை ஏறிப் பாடும் ஆண் வித்துவான்கள் பலர் தயங்கி ஒதுங்கி நின்றபோது இந்தப் புதிய கருவியை அஞ்சாமல் ஏற்றவர்கள் இவர்கள்தாம். தென்னிந்திய ஒலிப்பதிவின் முதல் ஏடு அவர்களுடையது.

முதலில் பதிவான மெழுகு மூலங்கள் கப்பலில் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், தட்டுகளாகத் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு இந்தியாவிலேயே தட்டு அச்சானது. 1920-களின் இறுதியில் அது டம்டம்முக்கு இடம் மாறியது. 1931-இல் இங்கிலாந்தில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஒன்றாகி ஈ.எம்.ஐ. உருவானது. அதன்பின் நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டும் கொலம்பியா தட்டும் ஒரே ஆலையிலிருந்து வெளிவந்தன.

அந்தத் தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச, குசும் மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு, கல்மாவு, பஞ்சுத் தும்பு, கரி ஆகியவற்றைக் கலந்து சூட்டில் அழுத்தினால் கறுப்புத் தட்டு கிடைக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம், பன்னிரண்டு அங்குலத்தில் நான்கரை நிமிடம் வரை ஓடும். கைதவறி விழுந்தால் சில்லுச் சில்லாக உடைந்துவிடும்.

மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு இந்தக் கருவி மிகவும் பொருந்தியது. சாவியைச் சுற்றினால் வில் இறுகும். பிரேக்கை விட்டால் தட்டு சுழலும். சவுண்டு பாக்ஸில் செருகிய எஃகு ஊசி பள்ளத்தில் ஓடி, அதன் அதிர்வு தகட்டுக்குப் போய், குழலில் ஒலியாக வரும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஊசி பள்ளத்தை அரித்துவிடும் என்பதால், நூறு இருநூறு ஊசிகள் அடங்கிய சிறிய தகர டப்பிகள் தனியாக விற்பனையாயின. ஊசிக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் ஒரே ஊசியில் பல பக்கங்களை ஓட்டினார்கள். இன்று கிடைக்கும் பழைய தட்டுகள் பல சாம்பல் நிறம் பூத்து இரைச்சலோடு ஒலிப்பதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு கலை

1920-களின் நடுப்பகுதி வரை பாடகர்கள் பெரிய புனலுக்குள் உரத்துப் பாடியே பதிவு செய்தார்கள். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய நாடக நடிகர்களின் குரல் இதற்கு ஏற்றதாக இருந்தது. மைக்ரோபோன் மூலம் மின்முறைப் பதிவு வந்ததும் மென்குரலும் வீணை நாதமும் தட்டில் தெளிவாக விழுந்தன.

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் மறைந்தார். பேசும்படம் வேரூன்றுவதற்கு முன்பே அவர் போய்விட்டதால், அவருடைய கலைக்குச் சாட்சியாக எஞ்சியவை தட்டுகள் மட்டுமே. கே.பி. சுந்தராம்பாளின் புகழ் தமிழ்நாட்டு எல்லைகளைத் தாண்டிப் போனதும் தட்டு வழியாகத்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலும் டி.கே. பட்டம்மாள் சிறுமியாகவும் முதல் தட்டைப் பாடியவர்கள். நாதஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை கொலம்பியா தட்டாக வந்து தென்னாடு முழுவதும் கல்யாண வீடுகளில் ஒலித்தது. ராகத்தை இரவெல்லாம் வாசிக்கக்கூடிய ஒருவர், தட்டின் இரு பக்கத்துக்குள் அதன் முழு உருவத்தையும் காட்டியது பெரும் சாதனை. நேரக்கட்டு கலையைச் சுருக்கியது உண்மை. சொல்ல வந்ததைச் சிதறாமல் சொல்லும் கட்டுக்கோப்பையும் அதுவே பழக்கியது.

1930-களில் சென்னையில் தட்டு வணிகம் சூடுபிடித்தது. காரைக்குடியிலிருந்து வந்த ஏ.வி. மெய்யப்பன் பங்காளிகளோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் தட்டுகளின் தென்னிந்திய உரிமையைப் பெற்றார். ஓடியன் 1932 முதல் 1938 வரை மும்பையையும் சென்னையையும் மையமாகக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளைப் பதிவு செய்தது. பிராட்காஸ்ட், ஹட்சின்ஸ் போன்ற முத்திரைகளும் தமிழில் இறங்கின. கர்நாடக சங்கீதம், நாடகப் பாட்டு, நகைச்சுவை உரையாடல், பக்திப் பாடல், காந்தியைப் பாடும் தேசியப் பாட்டு என எல்லாம் தட்டாயின. முழு நாடகத்தையே பல தட்டுகளில் அடக்கி ‘செட்’ என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். தேசியப் பாட்டுத் தட்டுகள் சிலவற்றை ஆங்கில அரசு தடை செய்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஜெர்மனிச் சரக்குக்குத் தடை வந்ததும் ஓடியன் வணிகம் ஒரே அடியாக நின்றது. அதனால்தான் தமிழ் ஓடியன் தட்டுகள் இன்று மிக அரியவை. அவற்றை மறுபடி அச்சிட யாரும் இல்லாமல் போனார்கள்.

புதுச்சேரிக் கவிஞர்களும் தட்டும்

சுப்பிரமணிய பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவருடைய பெரும் படைப்புகள் இங்கே எழுதப்பட்டவை. அவர் மறைந்து சில ஆண்டுகளில் தட்டும் வானொலியும் பேசும்படமும் பாட்டுக்குச் சந்தை மதிப்பை உண்டாக்கின. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையைச் சென்னையில் நகை வணிகம் செய்த ஜெசிங்லால் மேத்தா வாங்கினார். அவரிடமிருந்து அதை ஏ.வி. மெய்யப்பன் வாங்கித் தம் படங்களில் பயன்படுத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தட்டு வழியாகத் தெருத்தெருவாகப் பரவின. ஒரு தேசியக் கவியின் பாட்டைப் பாடத் தனியாரிடம் அனுமதி கேட்பதா என்ற குரல் வலுத்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949-இல் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கும் முடிவை எடுத்தது. மெய்யப்பன் தம் உரிமையை விலை கேளாமல் விட்டுக்கொடுத்தார். ஒரு கவிஞரின் எழுத்து மக்கள் சொத்தாவதற்கு இசைத்தட்டு உரிமை வழி திறந்தது இந்திய இலக்கிய வரலாற்றிலேயே தனித்த நிகழ்வு.

புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசனின் பாடலும் இதே வழியில் சாதாரண மக்களைச் சென்றடைந்தது. அவர் பாட்டு இடம்பெற்ற ‘ஓர் இரவு’ படம் 1951-இல் வெளியானது. புத்தகம் படிக்காத உழவர் வீட்டுப் பிள்ளையும் அந்தப் பாட்டை முழுதாகப் பாடும்படி செய்தவை திரையும் தட்டும்.

மைக் செட்டின் காலம்

தனி வீட்டில் கிராமபோன் வைத்துக்கொள்ளும் வசதி கிராமத்தில் சிலருக்கே இருந்தது. 1940-களுக்குப் பின் வால்வு பெருக்கியும் கூம்புக் குழாயும் பரவியபோது இசைத்தட்டு ஊர்ப் பொதுவானது. 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் பெருக்கிகள் நாடெங்கும் வாடகைக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மின்சாரம் இல்லாத இடத்தில் லாரி பேட்டரியில் ஓட்டினார்கள். ‘ரேடியோ செட்’, ‘மைக் செட்’, ‘சவுண்டு சர்வீஸ்’ என்று பல பெயர்களில் இந்தத் தொழில் வளர்ந்தது.

ஏம்பலம் வட்டாரத்தின் ஆண்டுச் சுற்றை மைக் செட் இல்லாமல் எண்ணிப்பார்க்க முடியாது. ஆடி மாதச் செடல், கூழ் ஊற்றுதல், தீமிதி, தேர், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், தெருக்கூத்து என்று ஒவ்வொன்றுக்கும் குழாய் கட்டப்படும். தென்னையிலோ பனையிலோ உயரமான மூங்கிலிலோ நாலு திசைக்கும் வாய் திருப்பிக் கட்டிய குழாய் பேச ஆரம்பித்தால் பக்கத்து ஊருக்குச் சேதி போய்விடும். எந்த வீட்டில் விசேஷம் என்று வயலில் வேலை செய்பவர்கள் பாட்டை வைத்தே சொல்வார்கள்.

பாட்டு போடுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விடியலில் பக்திப் பாட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டாக வந்தபின் பெருமாள் கோயில் உள்ள ஊர்களில் அதுவே முதல் ஒலியானது. மற்ற இடங்களில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அம்மன் திருவிழாவுக்கு எல்.ஆர். ஈஸ்வரி, முருகனுக்கு டி.எம். சௌந்தரராஜன், இஸ்லாமியர் விழாவுக்கும் திராவிட இயக்கக் கூட்டத்துக்கும் நாகூர் ஹனிபா. தாலி கட்டும் வேளைக்கு நாதஸ்வரத் தட்டு. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ படம் வழியாகத் தட்டேறிய பிறகு, மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணத்திலும் அந்த வாசிப்பு ஒலித்தது. மாலையில் புதுப்படப் பாட்டு. இரவு கூத்து இல்லாத நாளில் மேடையில் ‘ரெக்கார்டு டான்ஸ்’.

பாட்டோடு வசனமும் வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் கதை வசனத் தட்டுகள் குழாயில் ஓடும்போது திண்ணையில் உட்கார்ந்து ஊரே கேட்டது. படத்தைப் பார்க்காத பாட்டிகூட வசனத்தை ஒப்பிப்பாள்.

மைக் செட்டுக்காரரின் வேலை எளிதன்று. 78 சுற்றுத் தட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நாள் முழுக்க ஆளின் கை தட்டின் மேலேயே இருக்கவேண்டும். பள்ளம் தேய்ந்து ஊசி ஒரே இடத்தில் சுற்றினால் முள்கையின் தலையில் ஒரு நாணயத்தை வைத்துப் பாரம் ஏற்றுவார்கள். ஊசி தாண்டாமல் ஓடும், ஆனால் பள்ளம் இன்னும் ஆழமாக அரிபடும். அவ்வளவு உழைப்பு வாங்கிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக டிரங்குப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தட்டு களவு போகாமலும் மாறிவிடாமலும் இருக்க, முகப்புத் தாளில் தங்கள் சவுண்டு சர்வீஸின் பெயரையும் ஊரையும் ரப்பர் முத்திரையாகக் குத்தினார்கள். இன்று பழைய தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், நாய் படத்துக்கு மேலே ஊதா மையில் சாய்வாக விழுந்த அந்த முத்திரையைக் காணலாம். எந்த ஊரில் அந்தப் பாட்டு ஒலித்தது என்பதற்கு எழுத்துச் சான்று அதுவே.

ஜமைக்காவோடு ஓர் ஒப்பீடு

உலகில் இதே போன்ற மரபு மிக வலுவாக வளர்ந்த மற்றொரு இடம் கரீபியத் தீவான ஜமைக்கா. 1950-களில் கிங்ஸ்டன் நகரின் ஏழை மக்களுக்கு வீட்டில் ரேடியோவோ தட்டுக் கருவியோ வாங்க முடியாது. டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றவர்கள் பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி அமெரிக்கத் தட்டுகளைப் போட்டு மக்களை ஆடவைத்தார்கள். அங்கே இதற்கு ‘சவுண்டு சிஸ்டம்’ என்று பெயர். போட்டி கடுமையாக இருந்ததால் எந்தத் தட்டு என்று எதிராளிக்குத் தெரியாமலிருக்க முகப்புத் தாளைச் சுரண்டிவிட்டார்கள். நம் ஊரில் பெயரைக் குத்தினார்கள், அங்கே பெயரை அழித்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து அவர்களுக்குப் பிடித்த வகைத் தட்டுகள் வருவது குறைந்ததும் அந்தச் சவுண்டு சிஸ்டம்காரர்களே பாடகர்களை அழைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஸ்கா, ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெகே என்று புதிய இசை வகைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. காக்ஸன் டாட் 1963-இல் ‘ஸ்டுடியோ ஒன்’ தொடங்கினார். கிங் டப்பி என்ற மின்கருவிப் பழுதுபார்ப்பவர், பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, தாளத்தையும் தந்திக் கருவியையும் எதிரொலியோடு மீண்டும் கலந்து ‘டப்’ என்ற இசையை உருவாக்கினார். தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் பாடகர் இல்லாத வடிவம் என்பது வழக்கமானது. சவுண்டு சிஸ்டத்துக்கென்றே ஓரிரு படி மட்டும் வெட்டிய தட்டுகள், சில நூறு மட்டுமே அச்சான தட்டுகள் எல்லாம் இன்று இங்கிலாந்திலும் ஜப்பானிலும் சேகரிப்பாளர்களால் பெரும் விலைக்கு வாங்கப்படுகின்றன.

தமிழ் மைக் செட்டுக்காரர் ஏன் அப்படித் தயாரிப்பாளர் ஆகவில்லை? காரணம் தொழிலின் அமைப்பில் உள்ளது. கிங்ஸ்டனில் பதிவுக்கூடமும் அச்சு ஆலையும் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தன. இங்கே பாட்டு சென்னைக் கோடம்பாக்கத்தில் படத்துக்காகப் பிறந்தது. தட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் டம்டம்மில் அச்சானது. 1960-களின் இறுதி வரை அந்த அச்சு ஏறக்குறைய ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. ஏம்பலத்திலோ பாகூரிலோ இருந்த ஒருவர் தம் ஊர்க் கூத்துக் கலைஞரின் குரலைத் தட்டாக்க வழியே இல்லை. ஆகவே இந்த வட்டாரத்தின் கூத்தும் உடுக்கைப் பாட்டும் ஒப்பாரியும் அரக்குத் தட்டிலோ வினைலிலோ ஏறியது மிக அரிது. இசைத்தட்டு ஊருக்குள் பாட்டைக் கொண்டுவந்தது, ஊரின் பாட்டை வெளியே கொண்டுபோகவில்லை. இந்த வரலாற்றின் பெரிய இழப்பு அது.

வினைலும் அதன் முடிவும்

அமெரிக்காவில் 1948-இல் எல்.பி. தட்டும் 1949-இல் 45 சுற்றுத் தட்டும் வந்தன. வினைல் பிளாஸ்டிக் உடையாது, இரைச்சல் குறைவு, பள்ளம் நுண்மையானது. எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். டம்டம்மில் 1950-களின் இறுதியில் வினைல் அச்சானது. ஆனால் கைச்சாவிக் கருவி இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்ததால், மேலை நாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அரக்குத் தட்டு வெளிவந்துகொண்டே இருந்தது. 1960-களின் நடுவில்கூட பீட்டில்ஸ் குழுவின் பாட்டு இங்கே 78 சுற்றுத் தட்டாக அச்சானது. உலகச் சேகரிப்பாளர்கள் மிக விரும்பித் தேடும் இந்தியத் தட்டுகள் அவை.

தமிழ்ப் படப் பாட்டுக்கு ஏழு அங்குல ஈ.பி. தட்டு மிகவும் பிடித்துப்போனது. மூன்று நான்கு பாட்டு, வண்ண அட்டை, கையடக்கமான விலை. மைக் செட்டுக்காரருக்கும் பெட்டியின் பாரம் குறைந்தது. 1970 வாக்கில் பாலிடார், பின்னர் இன்ரெகோ, 1980-களில் சென்னையின் எக்கோ என்று புதிய முத்திரைகள் வந்ததும் எச்.எம்.வி.யின் தனியாட்சி தளர்ந்தது. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய இளையராஜாவின் பயணத்தில் முதல் பத்தாண்டு முழுதும் வினைலில் கிடைக்கிறது. இன்று தமிழ்த் தட்டுச் சந்தையில் அதிகம் தேடப்படுபவை அவருடைய எக்கோ எல்.பி.க்கள். எக்கோவுக்குப் போட்டியாக வந்தது மற்றொரு தட்டு முத்திரை அன்று, கேசட்.

கேசட் மலிவு, வீட்டிலேயே படியெடுக்கலாம், பேருந்திலும் ஓடும். 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் வசனக் கேசட் தமிழகம், புதுச்சேரி எங்கும் டீக்கடையிலும் குழாயிலும் ஓயாமல் ஒலித்தது. தட்டின் காலம் முடிந்ததை அறிவித்த ஒலி அது என்றே சொல்லலாம். ஊர்ப் பாட்டுக்கும் கூத்துக்கும் கேசட் இடம் கொடுத்தது அதன் நன்மை. 1990-களில் இந்தியாவில் வினைல் அச்சு நின்றது. மைக் செட்டுக்காரர்கள் தட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றினார்கள் அல்லது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. கூம்புக் குழாயின் இடத்தைப் பெட்டி ஸ்பீக்கர் பிடித்தது.

சேகரிப்பு என்னும் கலை

தூக்கி எறிந்ததைப் பொறுக்கி எடுத்தவர்கள் இல்லாவிட்டால் இந்த வரலாற்றுக்குச் சான்றே இராது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றி ஓயாமல் எழுதினார். 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. அதன் வழியே ஓடியன் தட்டுகளை எண்மமாக்கும் பணி பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்தது. சு. தியடோர் பாஸ்கரன் தம் ஆய்வில் தட்டுப் பாட்டை விடுதலைப் போராட்டத்தின் சான்றாக எடுத்துக்காட்டினார். மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் தொடக்ககால இந்தியப் பதிவுகளுக்கு எண்வாரியாகப் பட்டியல் தொகுத்தார். இலங்கை வானொலியின் நூலகத்தில் தமிழ், இந்தித் தட்டுகள் பெருமளவில் காக்கப்பட்டுள்ளன. இந்திய வானொலி 1952-இல் திரைப்பாட்டை ஒதுக்கியபோது தமிழ்நாட்டு நேயர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்த நிலையம் அது.

சந்தையும் இருந்தது. 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுக் கடைகள் இருந்தன. கல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு, மும்பையில் சோர் பஜார். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தை, பழம்பொருள் தேடுவோர் இன்றும் கால்நோக நடக்கும் இடம்.

தட்டின் மதிப்பை அறிய முகப்புத் தாளைப் படிக்கத் தெரியவேண்டும். முத்திரையின் நிறம், பட்டியல் எண், பாடியவர் பெயர், ராகம், தாளம் எல்லாம் அதில் இருக்கும். தாளுக்கும் பள்ளத்துக்கும் இடையே கறுப்பு வெளியில் ஊசியால் கீறியதுபோல ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது மூலப் பதிவின் எண். தாள் கிழிந்துபோனாலும் அந்த எண்ணைக்கொண்டு தட்டை அடையாளம் காணலாம். எச்.எம்.வி. எல்.பி.க்களில் ‘இ.சி.எல்.பி.’ என்று தொடங்கும் எண் ஒற்றை ஒலித்தடத்தையும், ‘இ.சி.எஸ்.டி.’ ஸ்டீரியோவையும் குறிக்கும்.

அருமை என்பது பழமையைப் பொறுத்தது மட்டுமன்று. புகழ்பெற்ற பாட்டின் தட்டு ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கும், ஆனால் ஓட்டி ஓட்டித் தேய்ந்திருக்கும். விலைபோகாத தட்டு சிலவே அச்சாகியிருக்கும், கிடைத்தால் புதிதுபோல இருக்கும். மைக் செட்டிலிருந்து வரும் தட்டில் கீறலும் தேய்வும் மிகுதி. வீட்டுத் தட்டு சுத்தமாக இருக்கும். சேகரிப்பாளர்கள் வீட்டுத் தட்டையே விரும்புகிறார்கள். ஆனால் எந்தப் பாட்டு மக்களிடம் வாழ்ந்தது என்று அறிய விரும்பும் வரலாற்றாளருக்குத் தேய்ந்த தட்டே மேலான ஆவணம்.

கருவியிலும் கவனம் தேவை. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு எல்.பி. ஊசியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான முனை வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே எடுத்துத் தரும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். எந்தத் தட்டையும் படுக்கையாக அடுக்காமல் புத்தகம்போல நிறுத்திவைக்க வேண்டும்.

புயலும் பொறுப்பும்

கடலோரப் புதுச்சேரியில் தட்டுக்குப் பகை பல. ஓட்டு வீட்டுப் பரணின் கோடை வெப்பத்தில் வினைல் வளைந்துவிடும். கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பூக்கும். கரையான் உறையைத் தின்னும். 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல் இந்த வட்டாரத்தின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. வெள்ளம் புகுந்த வீட்டில் அரிசியும் ஆவணமும் போலப் பாட்டும் அழியும். நனைந்த தட்டு பிழைத்தாலும் முகப்புத் தாள் உரிந்துபோனால் அதன் அடையாளம் பாதி போய்விடும்.

வினைலுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. மும்பைப் பகுதியில் 2024-இல் புதிய அச்சு ஆலை இயங்கத் தொடங்கியது. புதுத் தட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள். பழைய தட்டைக் காக்கும் அமைப்புதான் கிராமப்புறப் புதுச்சேரியில் உருவாக வேண்டும். சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து அறுபது ஆண்டு. எனவே 1964 வரை வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனியானது. பழைய பதிவுகள் பலவற்றில் அதுவும் முடிந்திருக்கிறது.

செய்யவேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அன்று. ஏம்பலத்திலும் வில்லியனூரிலும் பாகூரிலும் பழைய சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த குடும்பங்களில் மிஞ்சிய தட்டுகளைப் பட்டியலிட வேண்டும். முகப்புத் தாளையும் முத்திரையையும் படமெடுக்க வேண்டும். எந்தத் தட்டை எந்த விழாவுக்குப் போட்டார்கள் என்று முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஊர் நூலகமும் பள்ளியும் இதை ஏற்று நடத்தலாம். தட்டின் மற்றொரு படி வேறெங்கோ ஒரு சேகரிப்பில் கிடைத்துவிடக்கூடும். அதை இந்த ஊரில் யார், எதற்காக, எந்த நேரத்தில் போட்டார் என்ற தகவல் அந்த முதியவர்களிடம் மட்டுமே உண்டு. தட்டைக் காப்பதற்கு முன் அவர்கள் சொல்வதை எழுதிவைப்பதே முதல் கடமை.